எங்கள் ஊர் வரத்துக்காலுக்கு சிமெண்ட் பூச வேண்டாம்



பதிவு நீளமாக இருக்கும். வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, இதையும் உட்கார்ந்து படியுங்கள். பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடுபவர்களை எனக்குத் தெரியும். வீட்டுப்பாடம் எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்க வந்தவர்களும் அவர்கள்தான்.

பத்து நாளாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை நடக்கிறது. உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஏரிக்கு மேலேரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை, தாத்தா நினைவாக, இரண்டு பக்கமும் அடியிலும் கான்கிரீட் போட்டுக் கட்டித் தருவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். துபாயில் இருக்கிற தம்பி மகன் முதல் பெங்களூரில் இருக்கிற அக்கா பேத்தி வரை பணம் போடுகிறார்கள். எஸ்டிமேட் பதினெட்டு லட்சம். ஏரிக்குள் கால்வாய் விழும் இடத்தில் வண்டல் உள்ளே போகாமல் இருக்க மூன்றடி உயரத்துக்கு ஒரு குறுக்குச் சுவர். அதன் மேல் தாத்தா பெயரில் கிரானைட் கல்வெட்டு. பணம் போடுகிறவர்களின் மனசு நல்ல மனசு. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. வேலைதான் தப்பான வேலை.

நான் வேண்டாம் என்று எழுதினேன். காரணம் கேட்டார்கள். "மீன் ஏற முடியாது" என்றேன். அவ்வளவுதான், சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. "பெரியம்மா, மீன் குழம்புக்காகவா இவ்வளவு சண்டை?" என்று ஒருவன் கேட்டான். ஆமாம்டா கண்ணா, மீன் குழம்புக்காகவும்தான். உன் அப்பா வளர்ந்ததே அந்த ஏரி மீனில்தான். மிச்சக் காரணங்களைக் குழுவில் எழுதினால் நாலு வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த வேலையை எடுத்துச் செய்யப்போகிற இன்ஜினியரும் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். அவனும் இதைப் படிக்கட்டும்.

முதலில் அந்தக் கால்வாய் எது என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போட்டவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை. மேலேரி நிரம்பிக் கோடி போனால் அந்தத் தண்ணீர் கலங்கல் தாண்டி, கழனிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒன்றேகால் கிலோமீட்டர் வந்து நம் ஏரியில் விழும். நம் ஏரி நிரம்பிக் கோடி போனால் கீழே இருக்கிற ஏரிக்குப் போகும். அங்கிருந்து இன்னொன்று, கடைசியில் ஆறு. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் ஏரிகள் எல்லாம் இப்படிச் சங்கிலியாகத்தான் கோத்துக் கிடக்கின்றன. தமிழ்நாடு முழுக்கச் சுமார் 39,000 ஏரி குளம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அவற்றில் தனியாக நிற்கிற ஏரி குறைவு.

தண்ணீர் மேலிருந்து கீழே வரும், அது எல்லோருக்கும் தெரியும். மீன் கீழிருந்து மேலே போகும் என்பது நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டிக் கலங்கல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும்போது, கீழேரியில் இருக்கிற கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, ஆரல் எல்லாம் அந்த ஓட்டத்தை எதிர்த்து ஏறும். புதுத் தண்ணீரின் வாசனையா, குளிர்ச்சியா, எதுவோ அவற்றை இழுக்கும். கழனியில் முழங்கால் ஆழம் தண்ணீர் நின்றால் அங்கே போய்ச் சினை விடும். குஞ்சுக்குத் தீனி அங்கேதான், பெரிய மீன் வந்து விழுங்காத இடமும் அதுதான். மழை ஓய்ந்து தண்ணீர் வடியும்போது குஞ்சுகள் இறங்கி ஏரிக்கு வரும். சித்திரை வைகாசியில் மேலேரி வறண்டு அங்கிருந்த மீனெல்லாம் செத்தாலும், அடுத்த ஐப்பசியில் கீழேயிருந்து ஏறிவந்து மறுபடி குடியேறும். யாரும் குஞ்சு வாங்கி விடவில்லை, யாரும் டெண்டர் விடவில்லை. ஏரி வெட்டிய காலத்திலிருந்து இப்படித்தான் நடந்தது.

எங்கள் ஆயா ஒரு கணக்கு வைத்திருந்தார். ஏறுகிற மீனுக்குப் பறி வைக்கக்கூடாது, இறங்குகிற மீனுக்கு வைக்கலாம். ஏறுவது சினை மீன், அதைப் பிடித்தால் நூறைப் பிடித்த மாதிரி என்பார். என் தம்பி ஒரு தடவை திருட்டுத்தனமாகக் கலங்கல் அடியில் ஊத்தா போட்டு ஒரு விரால் பிடித்துவந்தான். ஆயா சமைக்கமாட்டேன் என்றுவிட்டார். பையன் அழுதுகொண்டே திருப்பிக் கொண்டுபோய் விட்டான். அது பிழைத்ததா என்று இன்றைக்கும் தெரியாது. அந்தத் தம்பியின் மகன்தான் இப்போது துபாயிலிருந்து இரண்டு லட்சம் போட்டிருக்கிறான்.

இப்போது கான்கிரீட்டுக்கு வருகிறேன்.

மண் கால்வாயில் மேடு பள்ளம் இருக்கும். வளைவுகளில் ஓட்டம் ஒரு கரையை அரித்து மறு கரையில் மணல் சேர்க்கும். கோரை, ஆற்றுப்பூண்டு, மர வேர் இருக்கும். இவை எல்லாம் குப்பை என்று நமக்குத் தோன்றும். ஆனால் எதிர்நீச்சல் போடுகிற விரல் நீளக் கெண்டைக்கு அவைதான் ஒதுங்கி மூச்சு வாங்கும் இடங்கள். ஒரு வேரின் பின்னால் நிற்கும், நாலடி பாயும், அடுத்த கல்லின் பின்னால் நிற்கும். மழமழவென்று பூசிய கான்கிரீட்டில் ஒதுங்க இடம் கிடையாது. தண்ணீர் வேகம் கூடும், ஆழம் குறையும். ஒன்றேகால் கிலோமீட்டரை மீன் ஒரே மூச்சில் நீந்தியாக வேண்டும். முடியாது. அப்படியே தப்பி வந்தாலும் இங்கே ஒரு செங்குத்துச் சுவர், மேல்கலங்கலில் ஏற்கெனவே இருக்கிற இறக்கம், அங்கங்கே மதகுப் பெட்டிகள். நமக்கு மூன்றடி என்பது இடுப்பு உயரம். கெண்டைக்கு அது மேட்டூர் அணை.

பக்கத்து ஊரில் இதே மாதிரி கட்டி முடித்துவிட்டார்கள். போன தை மாதம் ஒரு சாவுக்குப் போனபோது போய்ப் பார்த்தேன். நாலு நாள் முன்பு பெய்த மழைத் தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அடியில் சிமெண்ட் தளத்தில் கெண்டைப்பொடி கறுப்பாகக் குவிந்து நின்றது. துள்ளுகிறது, சுவரில் மோதி விழுகிறது, மறுபடி துள்ளுகிறது. துள்ளுவதற்கும் அடியில் ஆழம் வேண்டும், தளம் போட்டு அதையும் மூடிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நான்கு பேர் பிளாஸ்டிக் பக்கெட்டால் மொண்டுகொண்டிருந்தார்கள். வலைகூடத் தேவைப்படவில்லை. நான் அவர்களைத் திட்டவில்லை. திட்ட வேண்டியவர்கள் அங்கே இல்லை.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் இருந்த காலத்தில் டால்டார்ஃப் என்ற ஒரு லெப்டினன்ட், 1791-இல் ஒரு மீன் பனைமரத்தில் ஏறுவதைப் பார்த்ததாக எழுதினார். லண்டனில் 1797-இல் அதை அச்சிட்டார்கள். நம் பனையேறிக் கெண்டைதான் அது. பனை ஏறியதா என்று பிற்பாடு வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். ஆனால் ஈரத்தரையில் செவுள் முள்ளை ஊன்றி அது நடந்து போவது உண்மை, நானே பார்த்திருக்கிறேன். அந்த மீனே நம் கிரானைட் கல்வெட்டுச் சுவரை ஏறாது.

"இப்போது யார் டீச்சர் நாட்டு மீன் பார்க்கிறார்கள், மீன்வளத்துறையில் குஞ்சு வாங்கி விட்டால் போயிற்று" என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடலாம், நன்றாகவும் வளரும். ஆனால் அவை தேங்கிய ஏரித் தண்ணீரில் குஞ்சு பொரிக்காது, ஓடும் ஆறு வேண்டும். வருடா வருடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். குத்தகைக்காரர் வாங்கிவிட்டு, பிடித்து விற்றுவிட்டுப் போவார். ஊர் ஏழை வீட்டில் சாயங்காலம் ஒரு தூண்டிலைப் போட்டு நாலு கெளுத்தி எடுத்துக் குழம்பு வைக்கிற வழி அடைபட்டுப் போகும். மேலேரி வறண்டால் வறண்டதுதான். ஏறிவந்து குடியேற ஆள் இல்லை. சும்மா இருந்தால் தானாக நடக்கிற ஒன்றை நிறுத்திவிட்டு, அதையே காசு கொடுத்து வாங்குவதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, எதிர்த்தரப்பையும் நியாயமாகக் கேட்கிறேன். வகுப்பில் இரண்டு பக்கமும் கேட்காமல் நான் யாரையும் அடித்ததில்லை. (ஓரிரு தடவை அடித்திருக்கலாம்.)

மண் கால்வாயில் தண்ணீர் பாதி வழியிலேயே பூமிக்குள் போய்விடுகிறது, கான்கிரீட் போட்டால் சொட்டு வீணாகாமல் ஏரிக்கு வரும் என்கிறார்கள். நூறு கிலோமீட்டர் போகிற பெரிய பாசனக் கால்வாயில், கடைமடைக்காரன் வருஷம் முழுக்கக் காத்திருக்கிற இடத்தில், இந்தப் பேச்சில் ஞாயம் உண்டு. மறுக்கமாட்டேன். நம் கால்வாய் ஒன்றேகால் கிலோமீட்டர். அது "குடிக்கிற" தண்ணீர் எங்கே போகிறது? இரண்டு பக்கமும் இருக்கிற கிணறுகளுக்குப் போகிறது. மாசியில் நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் கட்டுவது அந்தக் கிணற்றிலிருந்துதான். கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிற நம் சித்தப்பா கிணறும் அதில் ஒன்று, அவர்தான் குழுவில் முதலில் கட்டைவிரல் காட்டினார். சித்தப்பா, உங்கள் மேல் கோபம் இல்லை. கான்கிரீட் போட்ட மூன்றாம் வருஷம் போர் எத்தனை அடி இறக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் யோசியுங்கள்.

வருஷா வருஷம் தூர் வார வேண்டாமே என்பது இன்னொரு பேச்சு. வண்டல் கால்வாயில் பிறப்பதில்லை, மேலே இருக்கிற மேட்டுநிலத்திலிருந்து வருகிறது. கான்கிரீட் போட்டாலும் வரும், இன்னும் வேகமாக வரும், சுவருக்குப் பின்னால் வந்து குந்தும். அப்போது யார் வாருவார்கள்? மண் கால்வாயென்றால் மண்வெட்டி எடுத்துக்கொண்டு நாலு பேர் போவார்கள். கான்கிரீட் பெட்டிக்குள் யாரும் இறங்கமாட்டார்கள், பொக்லைன் இறங்கினால் தளம் உடையும். பக்கத்து ஊரில் இரண்டாம் வருஷமே விரிசல் விட்டு, அடியில் மண் போய்ச் சிலாப்பு தொங்குகிறது. அதற்கும் ஒரு எஸ்டிமேட் போட்டிருக்கிறார்களாம்.

பாம்பு வரும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஏரிக்கால்வாயில் பாம்பு வராமல் எது வரும், மெட்ரோ ரயிலா?

இதெல்லாம் நான் கண்டுபிடித்த புது ஞானம் இல்லை. நம் ஊர்ப் பக்கத்துக் கோயில் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் பொறித்தவை. எல்லோரும் குடவோலைத் தேர்தல் பற்றி மட்டும் பேசுவார்கள், நானும் அப்படித்தான் பாடம் நடத்தினேன். அதில் ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட ஒரு குழு தனியாக இருந்தது. கணக்குக் காட்டாதவர் எந்த வாரியத்துக்கும் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. குடும்பக் குழுவில் இருப்பவர்கள் அந்தக் கடைசி விதியை இன்னொரு தடவை படிக்கவும். சோழர் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்று ஒரு வருமானமும் வருகிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்குக் கட்டுகிற காசு. அந்தக் காசை ஏரியைப் பராமரிக்கவே ஒதுக்கியதுண்டு. மீன் விற்ற பணத்தில் கரை உயர்த்தினார்கள். நாமோ கரை கட்டி மீனை விரட்டப் பார்க்கிறோம்.

ஆற்றில் தண்ணீரைத் திருப்பவும் அவர்கள் கொரம்பு போட்டார்கள். மணலும் தழையும் மூங்கிலும் வைத்துக் குறுக்கே ஒரு தற்காலிகத் தடுப்பு. கோடையில் தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பும், வெள்ளம் வந்தால் தானே கரைந்துபோகும். அதாவது மீன் ஏறவேண்டிய நாளில் தடுப்பு இருக்காது. மீனுக்காகத்தான் அப்படிச் செய்தார்கள் என்று நான் கதை விடமாட்டேன். வசதி அவ்வளவுதான் இருந்தது. ஆனால் அதனால் மீன் பிழைத்தது. வருஷா வருஷம் கொரம்பு போட ஆள் கூலி ஆகும் என்பதும் உண்மை. நிரந்தரமாகக் கட்ட ஆசைப்பட்டது நியாயம்தான். கட்டும்போது மீனுக்கு ஒரு வழி விட்டிருக்கலாம், அதுதான் நடக்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தச் சண்டை ஆரம்பித்துவிட்டது. ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தில் கீழணையைக் கட்டினார். பாசனத்துக்கு அது பெரிய உபகாரம், அதில் மாற்றுப் பேச்சு இல்லை. கடலிலிருந்து காவிரிக்குள் ஏறிவந்து முட்டையிடும் உல்லம் மீனுக்கு, வங்காளத்தார் உயிரை விடுகிற அதே ஹில்சாவுக்கு, அது முதல் முட்டுக்கட்டை. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து பிறகு மீன்வளத் தலைமைக் கண்காணிப்பாளராக ஆன பிரான்சிஸ் டே என்பவர் 1873-இல் ஒரு பெரிய அறிக்கை எழுதினார். அணைக்கட்டுகள் மீன் ஏறுவதைத் தடுப்பதையும், பாசன வாய்க்காலில் இறங்கிய குஞ்சுகள் கழனியில் மாட்டி மடிவதையும் அன்றைக்கே எடுத்துச் சொன்னார். 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுத்தது. தண்ணீருக்குக் குறுக்கே தடுப்பு கட்டுவதற்கு விதி செய்ய மாகாண அரசுக்கு அதிகாரமும் கொடுத்தது. கீழணையில் மீன் ஏறப் படி அமைத்துப் பார்த்தார்கள், உல்லத்துக்கு அது ஒத்துவரவில்லை. முட்டையைச் செயற்கையாகப் பொரிக்கவும் முயன்றார்கள். 1934-இல் மேட்டூர் அணை நிறைந்த பிறகு வெள்ளத்தின் போக்கே மாறிவிட்டது. இன்றைக்குத் திருச்சிப் பக்கம் காவிரியில் உல்லம் என்றால் என்னவென்று கேட்பார்கள். கங்கையில் 1975-இல் ஃபராக்கா தடுப்பணை வந்தபின் அதற்கு மேலே ஹில்சா அருகிப்போனது. ஒரே பாடத்தை இரண்டு ஆற்றிலும் ஃபெயில் ஆனோம்.

நாம் கட்டப்போவது மேட்டூர் அணை இல்லையே, மூன்றடிச் சுவர்தானே என்பீர்கள். ஊருக்கு ஊர் மூன்றடிச் சுவர் எழும்பினால் என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். கூட்டல் நான் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

கட்டிய இடங்களில் திருத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்குப் பக்கம், வாஷிங்டன், ஆரிகன், ஐடஹோ மாநிலங்களில், சால்மன் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் வழியில் பாசன வாய்க்கால்களுக்குள் புகுந்து வயல்களில் செத்துக்கொண்டிருந்தன. வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் வாயில் சல்லடைத் தட்டி வைத்தார்கள். தண்ணீர் உள்ளே போகும், குஞ்சு தட்டியில் பட்டுப் பக்கவழியாக ஆற்றுக்கே திரும்பும். பல இடங்களில் செங்குத்துத் தடுப்பை இடித்துவிட்டுப் பாறைகளைச் சரிவாக அடுக்கினார்கள். விவசாயிக்கு வரவேண்டிய தண்ணீர் வந்தது, மீனும் ஏறியது. விவசாயியை விரட்டிவிட்டு மீனை வாழவைக்கவில்லை, இதைக் கவனியுங்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஜப்பானில் பிவா ஏரிக்கரையில் நடந்தது. அவர்களும் நம்மைப்போல நெல் விளைவிக்கிறவர்கள், அவர்கள் ஏரியிலும் கெண்டை இனம் மழைக்காலத்தில் கழனிக்குள் ஏறிச் சினை விடும். கழனிகளைச் சமன்படுத்தி, வடிகால்களை ஆழமாக வெட்டிக் கான்கிரீட் போட்டார்கள். கழனி மேலே, வடிகால் கீழே என்று ஆகிவிட்டது, மீன் ஏற முடியவில்லை. ஷிகா மாகாணத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? வடிகாலுக்குக் குறுக்கே சிறு சிறு பலகைகளைப் படிப்படியாக வைத்துத் தண்ணீர் மட்டத்தைக் கழனி அளவுக்கு உயர்த்தினார்கள். ஒவ்வொரு படியும் மீன் தாண்டக்கூடிய உயரம். கெண்டை ஏறியது, சினை விட்டது, குஞ்சு ஏரிக்குத் திரும்பியது. அந்தக் கழனி அரிசியை "மீன் தொட்டில் அரிசி" என்று பெயர் வைத்து விற்கிறார்கள். பலகைக்கு என்ன விலை ஆகிவிடப்போகிறது?

நகரத்தில் இருக்கிற என் மாணவர்கள் இதில் எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்? ஈக்காட்டுத்தாங்கலில். தாங்கல் என்றால் சிறு ஏரி. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் எல்லாம் அந்தத் தாங்கல்தான். எங்கள் தாங்கல் எங்கே என்று பேரன் கேட்டான். மெட்ரோ ஸ்டேஷனையும் கம்பெனிக் கட்டடங்களையும்தான் காட்ட முடிந்தது. தி.நகரில் இருக்கிறவர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம், நீங்கள் குடியிருப்பது 1920-களில் வடித்துத் தூர்த்த நீண்ட ஏரியின் மேல்.

என் வீட்டிலிருந்து அடையாறு மூன்று தெரு தள்ளி. அந்த ஆறு தொடங்குவதே ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரித் தண்ணீரில்தான். அதாவது நம் ஊர்க் கால்வாய் மாதிரியான கால்வாய்கள் நூறு சேர்ந்தால்தான் அடையாறு. அவற்றில் கொஞ்சம் பட்டா ஆயிற்று, கொஞ்சம் மேலே சிலாப்பு போட்ட மூடுகால்வாய் ஆயிற்று. மழை பெய்தால் ஒரே நாளில் ஓடிவிடும், மற்ற நாளில் ஒன்றும் வராது. காசி தியேட்டர் பக்கத்துப் பாலத்தில் நின்று பார்த்தால் மாசி மாதம் ஓடுவது ஆற்றுத் தண்ணீரில்லை, சாக்கடை. அதில் ஜிலேபிக் கெண்டையும், வளர்க்கத் தடை போட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் புரள்கின்றன, அவை எதையும் தாங்கும். மதராஸின் நன்னீர் மீன்களைப் பற்றி சுந்தரராஜ் என்ற மீன்வளத்துறை அறிஞர் 1916-இல் ஒரு முழு ஆய்வுக் கட்டுரையே எழுதினார். எழுதும் அளவுக்கு நம் ஊரில் மீன்கள் இருந்தன.

2015 டிசம்பர் 2 காலையில் எங்கள் கீழ்த்தளம் முழுகியது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தது மட்டும்தான் அதற்குக் காரணம் என்று பலர் சொல்வார்கள். செம்பரம்பாக்கம் சேராத ஆதனூர், முடிச்சூர் பக்கத் தண்ணீரும் தேங்க இடமில்லாமல் அதே இரவில் ஓடிவந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது எங்கள் மாடிப்படியின் நாலாவது படியில் ஒரு கெளுத்தி கிடந்தது. உயிரோடு இருந்தது. வாளியில் போட்டு வைத்தேன், மறுநாள் செத்துவிட்டது. நாலே வருஷம் கழித்து, 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. முழுகியதும் நாம்தான், குடத்தோடு நின்றதும் நாம்தான். சீக்கிரம் ஓட விட்டால் நல்லது என்று கால்வாய்களை நேராக்கிப் பூசிக்கொண்டே போனதன் பலன் இரண்டு பக்கமும் அடிக்கிறது. 2017 மார்ச்சில் அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கியது அதே மணிமங்கலம் ஏரியில்தான். குடிமராமத்து நல்ல பெயர், பழைய பெயர். ஆனால் மராமத்து என்றால் பழுது பார்ப்பது, சிமெண்ட் பூசுவது இல்லை.

இப்போது என் ஐந்தாம் வகுப்பு இன்ஜினியருக்கு. தம்பி, நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள், உன்னை மாதிரி நீரியல் படித்தவள் இல்லை. நான் கேட்பதில் தப்பிருந்தால் திருத்து. கால்வாயின் அடியை மண்ணாகவே விடு. அரிக்கிற வளைவுகளில் மட்டும் கருங்கல்லை சிமெண்ட் இல்லாமல் அடுக்கு. அந்த மூன்றடிச் சுவருக்குப் பதிலாக, ஒரு அடி இறக்கத்துக்கு இருபது அடி நீளம் என்ற கணக்கில் பெரிய கற்களைச் சரிவாகப் பதி. கற்களுக்கு நடுவே மீன் நின்று போக இடம் விட்டு, தண்ணீர் குறைந்த நாளிலும் ஓட்டம் ஒரு பக்கமாகச் சேர்ந்து ஓடும்படி நடுவில் ஒரு பள்ளம் விடு. வண்டல் பிடிக்க வேண்டுமானால் சரிவுக்கு மேலே ஒரு குழி வெட்டு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாங்களே வாரிக் கழனிக்கு அடித்துக்கொள்கிறோம், வண்டல் என்ன விஷமா? ஏரி நடுவில் கோடையிலும் தண்ணீர் நிற்க ஒரு மடு வேண்டும். மதகு வாயில் மூங்கில் தட்டி வேண்டும். மதகை அடைக்கும்போது ஒரேயடியாக அடைக்காமல் இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கச் சொல்லி எழுதி மாட்டு, அப்போதுதான் வாய்க்காலில் இருக்கிற மீன் திரும்பி இறங்கும். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு பைசா செலவில்லை. நீர்க்கட்டி இருந்த காலத்தில் சொல்லாமலே செய்தார்.

இதற்கெல்லாம் பதினெட்டு லட்சம் ஆகாது என்று நினைக்கிறேன். ஆகாது என்பதுதான் சிலருக்குப் பிரச்சினையோ என்றும் நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் எஸ்டிமேட்டைக் குழுவில் போடுங்கள், அளவு, கன மீட்டர், கூலி எல்லாம் போட்டு. ஆறு பேர் ஏரி வாரியத்தாரும் கணக்குக் காட்டினார்கள்.

இன்னொன்று. நூறு ஏக்கருக்குக் கீழ் பாசனம் உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம், நம்முடையது அந்த வகை. நம் தாத்தா பெயரென்றாலும் நம் பணமென்றாலும் அனுமதி வாங்காமல் அதில் ஒரு செங்கல் வைக்க முடியாது. அனுமதி மனு இன்னும் கொடுக்கவே இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மனு கொடுக்கும் நாளில் என் ஆட்சேபணை மனுவும் அங்கே இருக்கும். எழுதி முடித்துவிட்டேன், நாலு பக்கம், வரைபடத்தோடு.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஊரில் பிள்ளையார் கோயில் திண்ணையில் இருப்பேன். அங்கிருந்து கால்வாய் நெடுக நடந்து மேல்கலங்கல் வரை போகலாம், பிறகு பக்கத்து ஊர்ச் சுவரையும் பார்த்துவிட்டு வரலாம். முட்டி வலிக்காரி நானே நடக்கிறேன், நீங்களும் வாருங்கள். சித்தப்பாவைக் காரில் கூட்டிவர யாராவது ஏற்பாடு செய்யவும். குடை எடுத்து வாருங்கள். கல்வெட்டு ஆர்டர் கொடுத்தவர் அதை ஒரு வாரம் நிறுத்தி வைக்கவும்.